உயரம் மட்டும் தரமாகாது: பையில் வளரும் மெர்பாவ் நாற்றுகள்

வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட்டில் தங்கள் வீட்டுப் பின்புறம் கறுப்புப் பைகளில் வளரும் மெர்பாவ் என்னும் வன்மரத்தின் நாற்றுகள் 70 செ.மீ. உயர்ந்தும் அடித்தண்டு 6 மி.மீ. மட்டுமே பருத்து, குச்சி இல்லாமல் நிற்க முடியாமல் சாய்வதாகவும், இந்த மழையிலேயே நடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போது நட வேண்டாம் என்பதே என் கருத்து.

செ.மீ. உயரத்தை வேர்க்கழுத்தின் (தண்டும் வேரும் சேரும் இடத்தின்) மி.மீ. விட்டத்தால் வகுத்தால் வரும் எண் ஏறத்தாழ 6-க்குள் இருப்பது நல்லது. தங்களுடையது 12-ஐ நெருங்குகிறது. பைகள் ஒன்றையொன்று ஒட்டியிருப்பதும், நிழல்வலை அடர்த்தியாக இருப்பதும், தழைச்சத்து மிகுவதும் தண்டைப் பருக்கவிடாமல் மேலே இழுக்கும். (கடைக்காரர்கள் உயரத்துக்கே விலை சொல்வதால் இந்தக் குறை எளிதில் கண்ணில் படுவதில்லை.) ஆகவே இலைகள் உரசாத அளவுக்குப் பைகளை விலக்கி, வலையைப் படிப்படியாகக் குறைத்து, தழைச்சத்து தரும் யூரியாவை நிறுத்திப் பாருங்கள், உயர வளர்ச்சி தணிந்த பிறகே தண்டும் வேரும் தேறும்.

வேர் அதைவிட முக்கியம். நாற்றைக் காயவைத்து எடுக்கும் உலர் எடையைக் கொண்டு அதன் தரத்தைக் கணக்கிடும் டிக்சன் தரக் குறியீடு ஆய்வகத்துக்கே ஏற்றது. தாங்கள் மூன்று நான்கு பைகளைத் தியாகம் செய்து கிழித்துப் பார்த்தாலே போதும். மண் உருண்டை உதிராமல், வெளிர்நிற நுனிகளோடு வேர் பரவியிருந்தால் அந்தத் தொகுதியைக் காப்பாற்றலாம். ஆணிவேர் அடியில் கயிறுபோல் சுருண்டு தடித்துவிட்டதென்றால், நட்ட பின்னும் அந்தச் சுருள் நிமிராது, வளர்ந்த மரம் காற்றில் சாயக்கூடும். அவற்றைக் கழித்துவிட்டு, ஆழமான பைகளில் புதிதாக விதையிடுங்கள்.