மலை மாலையாகிவிட்டால்: பாட்டு எழுதுவது பற்றிச் சில கேள்விகள்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சபையில் நாற்பது வருடமாகப் பாடகர் குழுவோடு இருக்கிறேன். ஆர்மோனியம் வாசிப்பேன், பாட்டு எழுதுவேன், பாட்டு வராத நாளில் கதை எழுதுவேன். இதைப் பற்றிப் பலர் கேட்ட கேள்விகளில் என்னால் உருப்படியாகப் பதில் சொல்ல முடிந்தவை இவை.

அண்ணாச்சி, எப்போது எழுத ஆரம்பித்தீர்கள்? யார் சொல்லிக்கொடுத்தார்கள்? (கல்லூரி மாணவர், நாசரேத்)

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை தம்பி. அப்பா கிராமத்துச் சபையைக் கவனித்துக்கொள்கிற உபதேசியார். ராத்திரிக் குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொரு கீர்த்தனை எடுக்க வேண்டும். என் முறை வரும்போது சரணத்தில் வார்த்தை மறந்துவிடும். நிறுத்தினால் அப்பா முறைப்பார். அதனால் வாயில் வந்ததைப் போட்டு நிரப்பிவிடுவேன். எதுகை பொருந்திவிட்டால் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. பொருந்தாவிட்டால் தங்கச்சி களுக்கென்று சிரித்துவிடுவாள். எனக்குக் கிடைத்த யாப்பு வகுப்பு அவ்வளவுதான்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு குயர் நோட்டு வாங்கினேன். முன்பக்கத்திலிருந்து பாட்டு, திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்திலிருந்து கதை. இரண்டும் நடுவில் முட்டிக்கொள்ளும்போது அடுத்த நோட்டு. இப்போது ஓடுவது முப்பத்தொன்றாவது.

மெட்டு முதலிலா, வார்த்தை முதலிலா? (பாடகர் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர், மதுரை)

எனக்கு முதலில் ஒரு வரி வரும். அந்த வரி தன் மெட்டைத் தானே கொண்டுவரும். வராவிட்டால் அது பாட்டுக்கான வரி அல்ல, கதைக்குப் போகட்டும் என்று நோட்டைத் திருப்பிவிடுவேன்.

ஒரு உதாரணம் காட்டுகிறேன். 121ஆம் சங்கீதத்தில் காக்கிறவர் உறங்குவதுமில்லை, தூங்குவதுமில்லை என்று வருகிறது அல்லவா? ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணை இருந்த ஒரு ராத்திரி அதைப் பாட்டாக்க உட்கார்ந்தேன். முதலில் எழுதியது: "நித்திரையற்ற நித்திய தேவா, சர்வ லோகத்தின் சர்வாதிகாரா." எதுகை மோனை எல்லாம் டாண் டாணென்று விழுகிறது. ஆனால் அதில் ஆஸ்பத்திரியும் இல்லை, அம்மாவும் இல்லை. விடியற்காலையில் அடித்துவிட்டு எழுதியது இது:

எண்ணெய் வற்றும் இரவிலும்
கண்ணயராக் காவலே

சபையில் இன்று இதைத்தான் பாடுகிறார்கள். முதல் வரியைப் பாடி முடிக்கும் இடத்தில் மூச்சு தானாக நிற்கும். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் பாதிப் பேர் இருக்கிற சபையில் மூச்சு எங்கே நிற்கும் என்று பார்க்காமல் பாட்டு எழுதக் கூடாது.

பாமாலைப் பாட்டுகள் சில ஏன் வாயில் ஒட்டமாட்டேன் என்கின்றன? கீர்த்தனை அப்படி இல்லையே? (இல்லத்தரசி, தூத்துக்குடி)

நல்ல கேள்வி அம்மா. இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பாமாலை என்கிற நம் சபைப் பாட்டுப் புத்தகத்தில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலிருந்தோ ஜெர்மனிலிருந்தோ மெட்டோடு வந்தவை. மெட்டு ஏற்கெனவே வெட்டித் தைத்த சட்டை, தமிழ் அதற்குள் நுழைய வேண்டும். உதாரணமாக, காமன் மீட்டர் என்கிற அளவில் அடிகளுக்கு 8, 6, 8, 6 என்று சிலபிள், அதாவது ஒலித்துண்டு, கணக்கு. ஆங்கிலத்தில் எட்டு சிலபிளுக்குள் ஆறு ஏழு சொற்கள் உட்கார்ந்துவிடும். நமக்கு "இரட்சகருடைய" என்ற ஒரே சொல் ஏழு சிலபிள்! எட்டில் ஏழு போனால் மிச்சம் ஒன்றில் என்னத்தைச் சொல்வது? அந்தக் காலத்து மொழிபெயர்ப்பாளர்கள் வேற்றுமை உருபை முழுங்கியும் சொல்லைச் சுருக்கியும் பாடுபட்டது இதனால்தான். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

இன்னொன்று, ஆங்கில மெட்டில் தட்டு விழுவது அவர்கள் அழுத்திச் சொல்கிற இடத்தில். நமக்கு அழுத்தம் பெரிதில்லை, நீளம்தான் பெரிது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. குறிலைப் பிடித்து மெட்டு இழுத்துவிட்டால் பொருளே மாறிப்போகும். நானே ஒருமுறை இதில் விழுந்தேன். ஓய்வு நாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டு, "மலைமேல் நின்று பேசினார்" என்று தொடங்கும். மெட்டில் முதல் எழுத்துக்கு நீளமான ஸ்வரம் போட்டுவிட்டேன். இரண்டாம் வகுப்புப் பயல் ஒருவன் கையைத் தூக்கி, "இயேசப்பா ஏன் மாலை மேல நின்னாரு, பூ நசுங்காதா?" என்று கேட்டான். அன்றைக்கே மெட்டை மாற்றினேன். படம் பாடமாகும், விடு வீடாகும், எழுதுகிறவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

கீர்த்தனை இங்கேயே பிறந்தது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம் பாட்டின் எலும்பு. புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ராகமும் தாளமும் அச்சிட்டிருப்பார்கள். சபையில் பாடுவது பல சமயம் வேறு ராகமாக இருக்கும், அது தனிக் கதை.

பழைய பாடலாசிரியர்களில் யாரைப் படிக்கலாம் ஐயா? (தமிழ் ஆசிரியை, திண்டுக்கல்)

முதலில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். சின்னப் பையனாக இருந்தபோதே இவரைச் சுவார்ட்ஸ் ஐயர் என்ற ஜெர்மன் பாதிரியார் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். அதே சுவார்ட்ஸிடம் வளர்ந்த இன்னொரு பையன்தான் பின்னால் மன்னரான இரண்டாம் சரபோஜி. சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியைப் பாருங்கள். குறவஞ்சி என்றால் உலா வரும் தலைவன், அவன் மேல் மையல் கொண்ட தலைவி, குறி சொல்லும் குறத்தி, வலை வீசிப் பறவை பிடிக்கும் குறவன். ஊர் ஜனங்களுக்கு அத்துபடியான நாடகம். இவர் தலைவனைக் கிறிஸ்துவாக்கி, தலைவியைச் சீயோன் குமாரத்தியாக, அதாவது திருச்சபையாக, ஆக்கிவிட்டார். வலையில் விழும் பறவைகள் மனுஷ ஆத்துமாக்கள். தரங்கம்பாடியில் படித்த வானியலும் பூகோளமும்கூட உள்ளே வந்துவிடும். எழுதும்போது வயது இருபத்தாறுக்குள். எனக்கு அந்த வயதில் இருந்தது பொறாமை மட்டும்தான்.

அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். சாஸ்திரியாரின் பாட்டுகள் ஊர் ஊராகப் பரவ அதுவும் உதவியது.

அப்புறம் ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை (1827–1900). வைணவக் குடும்பம், கம்பனில் ஊறியவர், முப்பது வயது வாக்கில் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியன் ஆங்கிலத்தில் எழுதிய பில்கிரிம்ஸ் புராக்ரஸ் கதையை எடுத்து 1894இல் இரட்சணிய யாத்திரிகம் என்று காப்பியமாக்கினார். காப்பியத்துக்கு நடுவில் தேவாரம் என்றே பெயர் வைத்துப் பதிகங்கள் பாடியிருக்கிறார். மொத்தத்தையும் படிக்கப் பொறுமை இல்லை என்றால் அந்தத் தேவாரப் பகுதியை மட்டுமாவது வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் படித்தால் பாதிதான் கிடைக்கும்.

கதை எழுதுவது பொய் எழுதுவதுதானே என்கிறார் எங்கள் சபை மூப்பர். என்ன சொல்வது? (பெயர் வேண்டாம், நாகர்கோவில்)

"ஒரு மனுஷனுக்கு இரண்டு குமாரர் இருந்தார்கள்" என்று லூக்கா 15இல் ஆரம்பிக்கிறதே, அந்த மனுஷனுக்கு எந்த ஊர் என்று மூப்பரிடம் கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர், முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, வேலை பார்த்தவர். 1878இல் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள், அடுத்த வருடமே பிரதாப முதலியார் சரித்திரம், தமிழின் முதல் நாவல். பாட்டு எழுதிய அதே கைதான். கீர்த்தனையில் மனம் உருகுவார், நாவலில் விலா நோகச் சிரிக்க வைப்பார்.

நான் எழுதிய கதை ஒன்று, ஆர்மோனியம் ரிப்பேர் செய்கிற ஒருவரைப் பற்றியது. பெட்டியைத் திறந்ததும் துருத்தியில் எலி குடித்தனம் நடத்தியிருக்கும். அவர் குட்டிகளை எடுத்து வெளியே போடாமல் ஒரு வாரம் வேலையைத் தள்ளிவைப்பார். அவ்வளவுதான் கதை. அச்சில் வந்ததும் ஒரு பெரியவர் கேட்டார், "இதில் ஒரு ஜெபம்கூட இல்லையே?" எலிக்காக ஒரு வாரக் கூலியை விட்டாரே, போதாதா என்றேன். அவருக்குத் திருப்தியில்லை.

தேவனை "நீர்" என்பதா, "நீங்க" என்பதா? (வாலிபர் ஐக்கியச் செயலாளர், கோவை)

வேதாகமம் "நீர்", "உம்முடைய" என்கிறது. பேச்சில் "நீர்" பெரும்பாலும் போய்விட்டது, ஜெபத்தில்தான் நிலைத்திருக்கிறது. அதனாலேயே அந்தச் சொல்லுக்கு ஒரு தனி வாசனை வந்துவிட்டது, எனக்கு அதை விட மனசில்லை. பாட்டுக்கும் வசதி, "நீர்" ஒரே சிலபிள். சின்னப் பிள்ளைகள் பாட்டில் "நீங்க" வந்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஒரே பாட்டில் இரண்டையும் கலந்தால் வருவேன்.

சினிமா மெட்டில் எழுதலாமா பிரதர்? (சென்னை)

வேண்டாம். கேட்கிறவன் மனசில் கதாநாயகன் ஆடிக்கொண்டிருப்பான்.

உங்கள் பாட்டை யாராவது பெயர் போடாமல் எடுத்தது உண்டா? (கீபோர்டு வாசிப்பவர், திருச்சி)

உண்டு. ஒரு ஒலிநாடாவில் என் பாட்டுக்கு நேராக "பழைய பாடல்" என்று அச்சிட்டிருந்தார்கள். எனக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது பாட்டு முடிந்தவுடன் தேதி போட்டுக் கையெழுத்து வைத்து ஒரு நகல் எடுத்துவிடுகிறேன். நீங்களும் செய்யுங்கள்.

ஒரு சரணத்தில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள் அங்கிள்? (பிளஸ் டூ மாணவி, சாயர்புரம்)

நடப்பேன். வாய்க்கால் பாலம் வரை போய்த் திரும்பினால் மூன்று கிலோமீட்டர். நடையில் தாளம் தானாக வரும். அதற்கும் மசியாவிட்டால் நோட்டைத் திருப்பிக் கதைப் பக்கம் போய்விடுவேன். இரண்டு வாரம் கழித்து வந்தால் சிலது தானாக அவிழ்ந்திருக்கும்.

சிலது அவிழாது. மேலே சொன்ன ஆஸ்பத்திரிப் பாட்டுக்கே நாலாவது சரணம் இன்னும் முடியவில்லை. பல்லவியின் "ண்ண" எதுகையைக் கடைசிச் சரணத்திலும் கொண்டுவரலாம் என்று ஆசை. திண்ணை, கிண்ணம், தண்ணீர் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போயின. போன வாரம் தங்கச்சிக்குப் போன் போட்டுக் கேட்டேன். "வெண்ணெய் போடுண்ணே" என்று சொல்லிவிட்டுக் களுக்கென்று சிரித்தாள்.