கடைக்குப் பின்னால் இருக்கும் சந்து: நகராட்சி நினைத்தால் மூடிவிட முடியுமா?

கேள்வி: பழைய தினசரி மார்க்கெட்டை இடித்துவிட்டு எங்கள் நகராட்சி வணிக வளாகம் கட்டப் போகிறது. என் மளிகைக் கடையின் பின்வாசல் எட்டடிச் சந்து ஒன்றில் திறக்கிறது. குட்டியானையில் வரும் சரக்கெல்லாம் அந்த வழியாகத்தான் இறங்கும். சந்து இருக்கும் இடமும் வளாகத்தில் சேரப்போகிறதாம். "நகராட்சி இடம், யாரும் கேட்க முடியாது" என்கிறார்கள். உண்மையா?

பதில்: கேட்க முடியும், கேட்கவும் வேண்டும், அதுவும் கட்டடம் எழும்புவதற்கு முன்பே. பொதுத்தெரு நகராட்சியின் வசம் இருக்கிறது என்பது சரிதான். ஆனால் நமக்கு நம் வீடு சொந்தம் என்கிற மாதிரியான சொந்தம் அது இல்லை. உத்தரப் பிரதேச அரசுக்கும் அதா முகமது என்பவருக்கும் நடந்த வழக்கில் 1980இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: தெருவைத் தெருவாக வைத்துப் பராமரிக்கத் தேவையான அளவுக்குத்தான் நகராட்சிக்கு அதன் மேல் உரிமை, அது தெருவாக இல்லாமல் போனால் அந்த உரிமையும் முடிந்து நிலம் அரசிடம் திரும்பும். எனவே உங்கள் சந்து அரசுப் புறம்போக்காக இருந்தால், அதன் மேல் கடை கட்டி வாடகைக்கு விடுவதை நகராட்சி மட்டும் தனியாக முடிவு செய்துவிட முடியாது.

அதற்காக எந்தச் சந்தும் எக்காலத்திலும் மூடப்படாது என்று நினைத்துவிடாதீர்கள். முறைப்படி மூட வழி உண்டு. நகர்மன்றத்தில் தீர்மானம் வர வேண்டும், பாதிக்கப்படுகிறவர்களின் ஆட்சேபணையைக் கேட்க வேண்டும், வருவாய்த் துறைப் பதிவேட்டில் தெரு என்று இருக்கும் வகைப்பாடு மாற வேண்டும். நடைமுறையில் நான் பயப்படுவது இதற்கல்ல. "வேலை முடியும்வரை தற்காலிகமாக" என்று ஒப்பந்ததாரர் இரண்டு பக்கமும் தகரம் அடிப்பார், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், இரண்டு வருடம் கழித்துத் தகரத்தைப் பிரிக்கும்போது அங்கே சுவர் நிற்கும். தகரம் அடிக்க வந்த அன்றே எந்தத் தேதியில் எடுப்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

இப்போது காகிதங்களுக்கு வருவோம், எல்லாம் இதில்தான் இருக்கிறது. முதலில் உங்கள் கிரயப் பத்திரத்தை எடுத்து நான்கு எல்லை எழுதியிருக்கும் இடத்தைப் படியுங்கள். "நகராட்சிச் சந்துக்கு வடக்கு" என்பதுபோல ஒரு வரி இருந்தால் அது பெரிய பலம். தாய்ப் பத்திரத்திலும், அதாவது அதற்கு முந்தைய பத்திரத்திலும், அதே வரி இருந்தால் இன்னும் நல்லது. அடுத்து நகர நில அளவைப் பதிவேட்டின் நகலும் வரைபடமும். சந்துக்குத் தனி சர்வே எண் இருக்கிறதா, தெரு என்று போட்டிருக்கிறதா, எத்தனை அகலம் என்று பாருங்கள். தரையில் எட்டடி இருக்கும் சந்து பதிவேட்டில் பன்னிரண்டடியாக இருப்பதும் உண்டு, அப்படியென்றால் யாரோ ஏற்கெனவே உள்ளே வந்திருக்கிறார்கள். பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டு மன்றத் தீர்மானம், வளாகத்தின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் இரண்டையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு.

அடுத்து, நகராட்சிக்கு எழுதும் ஆட்சேபணை மனு. அதில் சொல்ல வேண்டிய உரிமை இரண்டு. ஊரார் எல்லோருக்கும் அந்த வழியில் நடக்க இருக்கும் உரிமை ஒன்று. தெருவை ஒட்டி இடம் வைத்திருக்கும் உங்களுக்கு, உங்கள் வாசலிலிருந்து நேராகத் தெருவில் இறங்கும் உரிமை இன்னொன்று. மனுவில் பலரும் முதலாவதை மட்டும் எழுதி இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் எழுதுங்கள். தீயணைப்பு பற்றியும் கட்டாயம் ஒரு பத்தி எழுதுங்கள். 2017 மே கடைசியில் தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடைக் கட்டடம் பற்றியெரிந்தபோது தீயை அடக்க ஒரு நாளுக்கு மேல் ஆனது நினைவிருக்கும். கடைத்தெருவில் பின்பக்க வழி என்பது சரக்கு இறக்க மட்டுமல்ல, ஆள் தப்பிக்கவும்தான். சந்துக்கு அடியில் பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், மின்கேபிள் போகிறதென்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சந்தில் பூ விற்கிறவர், டீக்கடைக்காரர் யாராவது இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி அவர்களை இடம் மாற்ற 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். வாடகைக்கடைக்காரர்களைவிடவும் அவர்கள்தான் இதில் அதிகம் இழப்பவர்கள்.

பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டால் போங்கள். மார்க்கெட் புதிதாக வருவது உங்கள் வியாபாரத்துக்கும் நல்லதாக இருக்கலாம். ஆனால் "மாற்றுவழி தருகிறோம்" என்ற வாய்வார்த்தை போதாது. எத்தனை அடி அகலம், எந்தப் பக்கம், இரவிலும் திறந்திருக்குமா என்பதெல்லாம் தீர்மானத்திலும் வரைபடத்திலும் ஏற வேண்டும்.

அப்புறம் நீதிமன்றம். பொது வழியைக் காக்க இரண்டு பேர் சேர்ந்து நீதிமன்ற அனுமதியோடு உரிமையியல் வழக்குப் போடலாம், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் போடலாம். 2023 ஏப்ரலிலிருந்து நகராட்சிகளுக்கு தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம்தான் நடப்பில் இருக்கிறது. நோட்டீஸில் பழைய 1920 சட்டத்தின் பிரிவுகளைப் போட்டுவிடாமல் வக்கீலிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், நாளைக் காலை குட்டியானை வந்து சரக்கு இறங்கும்போது தேதி தெரிகிற மாதிரி நாலு படம் எடுத்து வைத்துவிடுங்கள். தகரம் அடித்த பிறகு அந்தப் படம் கிடைக்காது.