ரத்தம் தெறிக்காத துப்பறியும் கதை

கேள்வி: ரத்தம் தெறிக்காத துப்பறியும் நாவல் ஒன்று சொல்லுங்கள். நம் ஊர் மாதிரி கடலோரச் சிற்றூரில் நடந்தால் இன்னும் நல்லது. (வாசகி, மாயேபூர், மொரீசியஸ்)

பதில்: அகதா கிறிஸ்டியின் ‘ஸ்லீப்பிங் மர்டர்’ (1976) படியுங்கள், அம்மா. இங்கிலாந்தின் தென்கரையில் டில்மவுத் என்ற கற்பனை ஊர். புதிதாக மணமான பெண் அங்கே வீடு வாங்குகிறாள். அடைத்துவிட்ட கதவு, பழைய சுவர்த்தாள் எல்லாம் அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது! அதற்கு மேல் சொல்லமாட்டேன். கொலை நடந்து 18 வருடம் ஆகிவிட்டதால் ரத்த பயம் வேண்டாம். மிஸ் மார்ப்பிள் பாட்டி தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டே ஊர்ப் பேச்சைக் கேட்டுத் துப்புத் துலக்குகிறார். உங்கள் திங்கட்கிழமைச் சந்தையில் காது கொடுத்தால் கிடைக்காத சேதியா? எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில்தான் இவ்வகைக் கதை எடுபடும். அப்புறம் கார்ன்வால் கடற்கரையில் நடக்கும் ‘பெரில் அட் எண்ட் ஹவுஸ்’ (1932) படிக்கலாம்.