நடுவில் எதற்கு ஆங்கிலம்?

அன்புள்ள சார்,

கோவையிலிருந்து இணையத்தில் ஸ்பானிஷ் தனி வகுப்பு எடுக்கிறேன். மாணவர்கள் எல்லோரும் தமிழர்கள், அரிச்சுவடியிலிருந்து தொடங்குபவர்கள். ஆறாவது ஏழாவது வகுப்போடு பலர் நின்றுவிடுகிறார்கள். ‘மே குஸ்தா’ பாடம் வந்தாலே முகம் சுருங்கிவிடுகிறது. எந்தப் புத்தகத்தை வைத்துக்கொள்வது? ஸ்பெயின் ஸ்பானிஷா, மெக்சிகோ ஸ்பானிஷா? கட்டணத்தை முன்கூட்டியே வாங்கலாமா? ஒரு வகுப்பின் ஒலிப்பதிவை இணைத்திருக்கிறேன், நேரம் இருந்தால் கேளுங்கள்.

கே.

அன்புள்ள கே,

நேரம் இருந்தது, கேட்டேன். இரண்டு முறை.

பதினெட்டாவது நிமிடத்தில் அந்தப் பையனிடம் ‘கே தே குஸ்தா?’ என்று கேட்கிறீர்கள். அவன் மூச்சை இழுக்கிறான். வாயைத் திறப்பதற்குள் நீங்களே ‘மே குஸ்தா எல் கஃபே, அதாவது ஐ லைக் காஃபி’ என்று முடித்துவிடுகிறீர்கள். ஒரு மணி நேர வகுப்பில் அவன் பேசியது ஐந்து நிமிடம்கூட இருக்காது. தனி வகுப்பு என்று காசு வாங்கிக்கொண்டு தனியாகப் பேசிக்கொண்டிருந்தால் எவன் ஏழாவது நாள் வருவான்?

சரி, திட்டிவிட்டேன். புத்தகம் எதுவானாலும் பரவாயில்லை. எந்த ஊர் ஸ்பானிஷ் என்பதை அவன் யாரோடு பேசப்போகிறான் என்று கேட்டு முடிவு செய்யுங்கள்; ஸ்பெயினில் பலரைப் பார்த்து ‘நீங்கள்’ என்கிற ‘வோஸோத்ரோஸ்’ இல்லாமலே லத்தீன் அமெரிக்காவின் ஸ்பானிஷ் நாடுகளெல்லாம் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. கட்டணத்தை முன்பே வாங்குங்கள்.

என்னை உறுத்துவது அந்த ‘ஐ லைக்’. ஆங்கிலத்தில் எழுவாய் நான், ஸ்பானிஷில் காப்பி. அதனால் ஆங்கிலக்காரனுக்கு இது தலைகீழ்ப் பாடம். நமக்கு என்ன வந்தது? ‘மே’ எனக்கு, ‘தே’ உனக்கு, ‘குஸ்தா’ பிடிக்கிறது. எனக்குக் காப்பி பிடிக்கும் என்று பிறந்ததிலிருந்து சொல்கிற பிள்ளையை முதலில் ‘ஐ லைக்’ என்று சொல்ல வைத்து, அப்புறம் அதைக் கவிழ்த்துப் போடச் சொல்கிறீர்கள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

நானும் இதைச் செய்தவன்தான். பல வருடங்களுக்கு முன் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவருக்கு அவர் வீட்டிலேயே சொல்லித் தந்தேன். மகள் ஸ்பெயினில், வாலென்சியாவில். பேரனுக்கு ஸ்பானிஷ்தான் நாக்கில் வருகிறது, அவனோடு பேச வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. நோட்டில் பேரேடு மாதிரி நடுவில் கோடு கிழித்து இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் ஸ்பானிஷ் எழுதுவார். மூன்று வாரமாக ‘யோ குஸ்தோ, யோ குஸ்தோ’ என்றே வந்தது; ‘யோ’ என்றால் நான். ‘வயசாயிடுச்சு, மண்டையில ஏறல’ என்றார்.

ஒருநாள் உள்ளேயிருந்து அவர் மனைவி, ‘உங்களுக்குக் காப்பி வேணுமா?’ என்று குரல் கொடுத்தார்.

‘எனக்கு வேண்டாம்’ என்றார் இவர்.

‘சார், நான் வேண்டாம்னு ஏன் சொல்லல?’ என்று கேட்டேன்.

என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு நோட்டைப் பார்த்தார். அளவுகோலை எடுத்து வைத்து ஆங்கிலப் பத்தியை மேலிருந்து கீழ்வரை அடித்தார். ஓரத்தில் எனக்கு, உனக்கு, அவனுக்கு என்று எழுதி எதிரே மே, தே, லே. ‘இதை முதல் நாளே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?’ என்றார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. நான் படித்த புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

அதன்பிறகு மனிதர் ஓடினார். ‘மே துவேலே லா கபேஸா’, எனக்குத் தலை வலிக்கிறது. ‘ஸே மே ஒல்விதோ’, எனக்கு மறந்துபோச்சு. பழியை மறதிமேல் போட்டுவிட்டு நாம் நழுவுகிற அதே சாமர்த்தியம். படம் பார்த்தேன் என்போம், அம்மா பார்த்தேன் என்போமா? அம்மாவைப் பார்த்தேன். அவர்களும் படத்துக்கு ‘வி ஊனா பெலிகுலா’, அம்மாவுக்கு ‘வி ஆ மி மாத்ரே’ என்கிறார்கள். அந்த ‘ஆ’ நம்முடைய ஐ உருபின் வேலையைச் செய்கிறது. இதைப் புரியவைக்க ஆங்கிலத்தில் அரை மணி நேரம் ஆகும்.

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்காது. மாம்பழங்கள் என்றால் ‘மே குஸ்தான்’ ஆகிவிடும், நம் ‘பிடிக்கும்’ அசையாது. மேசையைப் பெண்பால் என்று சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். போர்த்துகீசியரிடமிருந்து நாம் வாங்கிய அதே மேசைதான் ஸ்பானிஷ் ‘மேஸா’வும், கப்பலிலிருந்து இறங்கியதும் அஃறிணையாகிவிட்டது. இதையெல்லாம் மனப்பாடம்தான் செய்ய வேண்டும், வேறு வழி கிடையாது.

இன்னொன்று. உங்கள் பையன் ‘குஸ்டா’ என்கிறான். ஆங்கில எழுத்தில் எழுதித் தந்தால் அப்படித்தான் வாசிப்பான். தண்ணீரின் த என்று சொல்லுங்கள், அடுத்த நொடி சரியாகிவிடும்.

அந்தப் பதினெட்டாவது நிமிடத்துக்கு மறுபடி வருகிறேன். அவனுக்குக் காப்பி பிடிக்கும் என்று உங்களுக்கு யார் சொன்னது? மூச்சை இழுத்தானே, என்ன சொல்ல வந்தான்? கேட்டு எழுதுங்கள்.