கட்டட முகப்பில் ஒளிந்திருக்கும் ஆண்டு: கேள்வி பதில்

கேள்வி: பிரஸ்ஸல்ஸ் கிராண்ட் பிளேஸ் சதுக்கத்தில் ஒரு வீட்டைக் காட்டி, லத்தீன் வாசகத்துக்குள் ஆண்டு இருக்கிறது என்றார் வழிகாட்டி. எனக்கு ஓர் எண்கூடத் தென்படவில்லையே?

பதில்: எழுத்தேதான் எண். ரோமானிய முறையில் ஐ 1, வி 5, எக்ஸ் 10, எல் 50, சி 100, டி 500, எம் 1000. வாசகத்தில் இந்த எழுத்துகளை மட்டும் பொறுக்கிக் கூட்டினால் ஆண்டு வரும். இதற்குக் குரோனோகிராம் என்று பெயர். நீங்கள் பார்த்தது வில்லாளர் சங்கத்தின் 'பெண் ஓநாய்' வீடாக இருக்கும். "கொம்புஸ்தா இன்சிக்னியோர் ரெசுர்ரெக்ஸி எக்ஸ்பென்சிஸ் செபஸ்தியானே குல்தே": எரிந்துபோன நான், செபஸ்தியான் சங்கத்தின் செலவில் முன்னிலும் சிறப்பாக எழுந்தேன். வீடே பேசுகிறது! லத்தீனில் யூ-வும் வி-தான் என்பதால் முதல் சொல்லில் சி, எம், வி: 1105. கடைசிச் சொல்லில் வி, எல், டி: 555. நடுவிலுள்ள நான்கு சொற்களில் எக்ஸ் இரண்டு, வி ஒன்று, ஐ ஆறு: 31. மொத்தம் 1691. வீடு எரிந்தது அதற்கு முந்தைய ஆண்டு.

கேள்வி: அப்படியானால் இப்போது நிற்பது 1691-ஆம் ஆண்டுக் கட்டடமா?

பதில்: முழுதும் இல்லை. 1695-இல் பிரெஞ்சுப் படை பீரங்கியால் அந்தச் சதுக்கத்தையே நொறுக்கியது. அதன் பிறகு திரும்பக் கட்டியதும் சேர்ந்துதான் இன்று நாம் காணும் வீடு. வாசகம் தன் ஆண்டைத்தான் சொல்லும். ஒவ்வொரு கல்லுக்கும் ஜாதகம் எழுதாது.

கேள்வி: ஐ-யும் வி-யும் அடுத்தடுத்து வந்தால் நான்குதானே?

பதில்: இங்கே ஆறு. வரிசை பார்க்க வேண்டாம், கழித்தலும் கிடையாது. யூ-வும் வி-யும் லத்தீனில் ஒரே எழுத்து என்பதையும் மறக்காதீர்கள். பலர் வழுக்கி விழுவது இங்கேதான். சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃபின் "கிறிஸ்துஸ் துக்ஸ் எர்கோ த்ரியும்ஃபுஸ்" (கிறிஸ்து தலைவர், ஆகவே வெற்றி) என்ற நாணய வாசகம் 1627-ஐக் குறிப்பது. 'துக்ஸ்' என்பதிலுள்ள யூ-வைச் சேர்க்காமல் விட்டால்தான் அந்தக் கணக்கு வரும். சேர்த்தால் 1632, மன்னர் போரில் மாண்ட ஆண்டு! வெறும் தற்செயல்தான், ஆனாலும் எனக்கு உடல் சிலிர்த்தது.

கேள்வி: நம்மிடம் இப்படி உண்டா?

பதில்: எழுத்துகளுக்கு எண் தரும் கடபயாதி முறை இருக்கிறதே. மேசகல்யாணி ராகத்தின் பெயரில் 'மே' 5, 'ச' 6. திருப்பிப் போட்டால் 65-ஆவது மேளகர்த்தா (தாய் ராகம்). நாராயணீயம் என்ற சமஸ்கிருதப் பக்தி நூலின் கடைசிச் சொற்களான 'ஆயுராரோக்ய ஸௌக்யம்' அது முடிந்த நாளையே கலி நாள் கணக்கில் (கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணும் நாள்) சொல்கிறது.

கேள்வி: ஒரு தேவாலயச் சுவர் வாசகத்தைக் கூட்டினேன். 2231 வருகிறது.

பதில்: அது குரோனோகிராம் அல்ல, வெறும் லத்தீன். எம்-மும் டி-யும் இல்லாமல் லத்தீனில் நான்கு சொல் எழுதுவதே கடினம். எழுத்துகளில் சில மட்டும் பெரிதாகவோ வேறு நிறத்திலோ இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு வாசகத்தின் பொருளைப் படியுங்கள்.