சபையை விட்டால் கர்த்தரை விட்டதாகுமா? – கேள்வி பதில்

பாறசாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில், மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை பத்துப் பதினைந்து பேர் கூடி வேதம் வாசிக்கிறோம். களியக்காவிளைக்கு அப்பாலிருந்தும் வருகிறார்கள், நெய்யாற்றின்கரையிலிருந்தும் வருகிறார்கள். வாசிப்பு முடிந்ததும் கேள்விகள் தொடங்கும். எல்லார் முன்னாலும் கேட்கத் தயங்குகிறவர்கள் தாளில் எழுதி என் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படிச் சேர்ந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் போதகன் அல்ல. முப்பத்தோரு ஆண்டுகள் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்தியவன். கட்டட நிதிக் கணக்கைக் கமிட்டியில் கேட்டதற்காக என் பெயரைச் சபைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த வலி என் பதில்களில் எங்காவது ஏறியிருந்தால் அதைக் கழித்துவிட்டு வாசியுங்கள்.

கொல்லங்கோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: சார், பிரசங்கத்தில் ஒரு சந்தேகம் கேட்டேன். ‘அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே என்று வேதம் சொல்கிறது, நாசமாய்ப் போவாய்’ என்றார் போதகர். பயமாக இருக்கிறது.

தம்பி, அந்த வசனம் 105-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. அதற்கு மேலே உள்ள வசனங்களையும் சேர்த்து வாசி. அங்கே அபிஷேகம் பெற்றவர்கள் யார்? ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. எண்ணிக்கையில் கொஞ்சம் பேர், ஊர் ஊராகக் கூடாரம் போட்டு அலைந்த பரதேசிகள். எச்சரிக்கப்படுகிறவர்கள் யார்? ராஜாக்கள். நிலமில்லாத ஒரு சிறு குடும்பத்தின்மேல் அதிகாரத்தில் இருப்பவன் கைவைக்கக் கூடாது என்பதற்காகச் சொன்ன சொல் அது. இன்று அதிகாரத்தில் இருப்பவர் அதையே எடுத்து, மைக்கின் முன்னால் நின்று, வாயில்லாதவனைப் பார்த்துச் சொல்கிறார். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவைத் தாவீது தொடவில்லையே என்பார்கள். உண்மைதான். 1 சாமுவேல் 24-ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசி. தாவீது சவுலின் மேல் கைவைக்கவில்லை. ஆனால் குகையிலிருந்து வெளியே வந்து, சவுலின் சால்வையிலிருந்து அறுத்தெடுத்த துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, ராஜாவைக் கூப்பிட்டு நியாயம் கேட்டான். பேதுருவைப் பவுல் எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்ததைக் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் அவரே எழுதியிருக்கிறார். பவுல் சொன்னதையே பெரோயா ஊரார் நாள்தோறும் வேதத்தைப் புரட்டிச் சரிபார்த்தார்கள். அதற்காக அப்போஸ்தலர் நடபடிகள் அவர்களைப் பாராட்டுகிறது. நீ செய்தது பெரோயா ஊரார் செய்ததுதான். அடுத்த முறை தனியாகப் போய், வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மரியாதையாகக் கேள். பயப்படாதே.

மார்த்தாண்டத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர்: மிஷன் நமக்குப் பள்ளிக்கூடம் தந்தது. நம் பெண்கள் தோளில் சீலை போடும் உரிமைக்கு நம்மோடு நின்றது. தாய்வீட்டை விட்டு வெளியே போகச் சொல்கிறீர்களா?

ஐயா, வெளியே போகும்படி நான் யாருக்கும் சொன்னதில்லை. நன்றியைப் பற்றி நீங்கள் சொல்வதை முழுமனதோடு ஏற்கிறேன். 1859-இல் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்ததற்குப் பின்னால் நம் பாட்டிமார் பட்ட அடி இருக்கிறது, லண்டன் மிஷன்காரர்களின் மனுக்களும் இருக்கின்றன. அதை மறப்பவன் மனிதனல்ல.

ஆனால் அந்தத் தாய்வீட்டின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள். மயிலாடியில் மகாராசன் என்ற ஒருவர் மன அமைதி தேடிச் சிதம்பரத்துக்குப் புறப்பட்டார். தஞ்சாவூரில் சுவிசேஷத்தைக் கேட்டு, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். தன் உறவுக்காரர்களை வீட்டில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். லண்டன் மிஷன் ஊழியர் ரிங்கல்தௌபே ஐயர் 1806-இல் வந்தபோது மயிலாடியில் விசுவாசிகள் ஏற்கெனவே இருந்தார்கள். கோயில் இல்லை, கமிட்டி இல்லை, சந்தாப் புத்தகமும் இல்லை. தென் திருவிதாங்கூரில் நம் சபை ஒரு வீட்டுக்குள் முளைத்தது. 1816-இல் ரிங்கல்தௌபே ஊரைவிட்டுப் போன பிறகு அதைக் காத்ததும் அதே வேதமாணிக்கம்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன். 1818-இல் நாகர்கோவிலுக்கு வந்து பள்ளியும் அச்சகமும் நிறுவிய மீட் ஐயரை நாம் எல்லாரும் கொண்டாடுகிறோம். அவர் 1850களின் தொடக்கத்தில் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண்ணை மணந்தார். உடன் ஊழியர்கள் அதை ஏற்கவில்லை. அவர் மிஷனை விட்டு விலகினார். நம் சபையைக் கட்டியவரே அதன் நிர்வாகத்துக்கு வெளியே நின்று மிச்ச வாழ்நாளைக் கழித்தார், கர்த்தரை விடாமல். வெளியே நிற்கிறவனைத் துரோகி என்று சொல்லுமுன் அவரை நினைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

செறுவாரக்கோணத்திலிருந்து ரப்பர் பால் வெட்டும் ஒரு சகோதரர்: தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கொடுக்காவிட்டால் கர்த்தரை வஞ்சிப்பதாகும் என்கிறார்கள். மழைக்காலத்தில் வெட்டு இல்லை. மனைவிக்கு மருத்துவச் செலவு. கடன் வாங்கிக் கொடுத்தேன். சரியா?

இல்லை. கடன் வாங்கித் தசமபாகம் கொடுக்க வேதம் எங்கும் சொல்லவில்லை.

உபாகமம் 14-ஆம் அதிகாரத்தை இன்று இரவே வாசியுங்கள். நிலத்தில் விளைந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கொண்டுபோய், கொண்டுபோனவனே தன் குடும்பத்தோடு கர்த்தருடைய சந்நிதியில் உண்டு சந்தோஷப்பட வேண்டும் என்று இருக்கிறது. மூன்றாம் ஆண்டின் பங்கு அந்தந்த ஊரிலேயே வைக்கப்பட்டு, நிலமில்லாத லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் போக வேண்டும். தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லி மல்கியாவில் வரும் பண்டசாலையும் ஆகாரம் வைக்கிற இடம்தான். இந்தக் கணக்கின்படி பார்த்தால், இந்த மழைக்காலத்தில் நீங்கள் கொடுக்கிற பக்கத்தில் இல்லை, பெறுகிற பக்கத்தில் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக்கு அரிசி கொண்டுவந்திருக்க வேண்டியது சபை.

‘இது காணிக்கைக்கு ஒதுக்கியது’ என்று சொல்லிப் பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைத் தட்டிக்கழித்தவர்களை இயேசு கடிந்துகொண்டார் (மாற்கு 7). மனைவியின் மருந்துக்கும் அது பொருந்தும். என் பாட்டி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். பிடியரிசிக் காணிக்கை. அந்தக் கலயத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். கொடுக்காதீர்கள் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். உலையில் அரிசி இருக்கும்போது ஒரு பிடி எடுங்கள்.

பாலக்காட்டிலிருந்து ஒரு சகோதரர்: பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தையும் வேதப் புத்தகங்களின் பட்டியலையும் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன்தான் நிசேயா மாநாட்டில் உண்டாக்கினார் என்று வீடியோவில் பார்த்தேன்.

சபை சொல்வதைச் சோதிக்கிற நாம் வீடியோ சொல்வதையும் அதே கண்டிப்போடு சோதிக்க வேண்டும். 325-இல் நிசேயாவில் ஆயர்களைக் கூட்டியவர் கான்ஸ்டன்டைன், அது சரி. அங்கே நடந்தது ஆரியுஸ் என்ற குருவின் போதனையைப் பற்றிய வழக்கு: குமாரன் பிதாவோடு ஒரே தன்மை உடையவரா, படைக்கப்பட்டவரா என்பது. வேதப் புத்தகப் பட்டியல் அங்கே முடிவாகவில்லை. நான்கு சுவிசேஷங்களைச் சேர்த்து வாசிக்கும் வழக்கம் இரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இருந்தது. இன்றுள்ள 27 புத்தகங்களின் பட்டியல் அலெக்சாண்டிரியா ஆயர் அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. திரித்துவம் என்ற சொல் வேதத்தில் இல்லை என்பதும் உண்மை. சொல் இல்லாததாலேயே கருத்தும் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. யோவானை நிதானமாக வாசித்துவிட்டு நீங்களே எடை போடுங்கள்.

குழித்துறையிலிருந்து ஒரு சகோதரி: எங்கள் ஜெபவீட்டுச் சகோதரர் கர்த்தருடைய இரண்டாம் வருகையின் நாளைத் தரிசனத்தில் கண்டதாகச் சொல்கிறார். என் கணவர் வேலையை விடப் போகிறேன் என்கிறார்.

விடச் சொல்லாதீர்கள், அம்மா. தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

திருவிதாங்கூரில் இது ஒருமுறை நடந்தது. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்தவராகி, சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷனின் சபையில் குருவாக இருந்தவர் யுஸ்தூஸ் யோசேப்பு. 1875-இல் பெரிய எழுப்புதல் ஒன்றை, ஊரெங்கும் பரவிய பக்தி எழுச்சியை, நடத்தினார். ஆறு ஆண்டுகளில் கர்த்தர் வருவார் என்றார்கள். 1881 வந்தது, போனது. அவரோடு இருந்தவர்கள் யுயோமயம் என்ற தனிச் சபையாக ஒதுங்கினார்கள். அவர் கபடக்காரர் அல்ல. உருகி உருகிப் பாடியவர். அவருடைய மலையாளப் பாட்டுகளைக் கேரளச் சபைகள் இன்றும் பாடுகின்றன. அவ்வளவு உண்மையான பக்தி உள்ளவரும் தவறினார். நிறுவனத்தை விட்டு வெளியே வந்த ஒரு சிறு கூட்டத்தில், தலைவரின் கையைப் பிடித்து நிறுத்த ஒருவரும் இல்லாமல் போவது பெரிய ஆபத்து. எங்கள் திண்ணையிலும் அந்த ஆபத்து இருக்கிறது. அதனால்தான் வாசிப்பை மாதத்துக்கு ஒருவர் மாற்றி மாற்றி நடத்துகிறோம்.

வண்டிப்பெரியாறு எஸ்டேட்டிலிருந்து மூன்று குடும்பங்கள் சேர்ந்து: போதகர் இல்லாமல் வீட்டில் திருவிருந்து அப்பம் பிட்கலாமா?

பிட்கலாம் என்று நான் நம்புகிறேன். பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியுஸ் ஐயரிடம் படித்த அருளப்பன், குரோவ்ஸ் என்ற ஊழியரோடு பழகிய பிறகு, மிஷன் சம்பளம் இல்லாமலே ஊழியம் செய்தார். குருப்பட்டம் இல்லாத விசுவாசிகளும் அப்பம் பிட்கலாம் என்று நடத்திக் காட்டினார். 1860-இல் திருநெல்வேலிப் பக்கம் எழுந்த எழுப்புதல் அவருடைய கூட்டத்தில்தான் தொடங்கியது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கொரிந்து சபையைப் பவுல் கண்டித்தபோது, யார் அப்பத்தைப் பிட்டது என்று கேட்கவில்லை; வசதியுள்ளவன் முந்திச் சாப்பிட, இல்லாதவன் பசியோடு நின்றதைக் கேட்டார். லயத்தில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.

நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு தந்தை: சபையை விட்டால் மகளின் கல்யாணம், கல்லறை, சொத்து என்னாகும்?

சொத்துக்கு ஒன்றும் ஆகாது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் ‘இந்தியக் கிறிஸ்தவர்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில், கிறிஸ்தவ மதத்தின் எந்த வடிவத்தைக் கடைப்பிடித்தாலும் போதும். சபை உறுப்பினர் சீட்டு கேட்கப்படவில்லை. கல்யாணத்துக்கு 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. மாப்பிள்ளையோ பெண்ணோ முப்பது நாளாவது வசித்த மாவட்டத்தில் நோட்டீஸ் கொடுத்து, முப்பது நாள் காத்திருந்து, மூன்று சாட்சிகளோடு பதிவு செய்யலாம். ஜெபத்தை வீட்டு முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லறைத் தோட்டம்தான் கடினம். அது சபையின் விதிகளைப் பொறுத்தது. உயிரோடு இருக்கும்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள். மறுத்தால் பொது மயானம். நம் ஆண்டவரையே இன்னொருவர் கல்லறையில்தான் வைத்தார்கள்.

உதியன்குளங்கரையிலிருந்து ஒரு சகோதரி: அம்மா படுத்த படுக்கை. பழைய சபைப் போதகர் வந்து திருவிருந்து கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். எனக்கு அந்தச் சபையில் நம்பிக்கை போய்விட்டது. அவரை அழைப்பது பொய் வேஷம் ஆகாதா?

மகளே, இன்றைக்கே அழைத்து வா. உன் கேள்விகள் உன்னுடையவை. அம்மாவின் எண்பது வருட விசுவாசம் அந்தப் பாட்டுகளிலும் அந்தக் கிண்ணத்திலும் இருக்கிறது. என் அம்மாவும் கடைசியில் இதையேதான் கேட்டார்கள். என் பெயரை வெட்டிய கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய அதே போதகரைத்தான் நான் போய்க் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் மறுக்காமல் வந்தார். நாற்காலி எடுத்துப் போட்டேன். அவர் கிண்ணத்தை நீட்டியபோது அம்மாவால் தலை தூக்க முடியவில்லை. பின்னால் உட்கார்ந்து நான் தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.