பழைய கார், பழைய வண்டி: வாசகர் கேள்விகள்

பிள்ளைகளுக்குப் பழைய கார்களைக் காட்ட வேண்டும். எங்கே போகலாம்? (வாசகி, காரைக்குடி)

கோவை அவினாசி சாலையில் உள்ள ஜிடி கார் மியூசியம். ஒரே நாளில் போய்த் திரும்பினால் பிள்ளைகள் துவண்டுவிடுவார்கள். ஒரு ராத்திரி தங்குங்கள். திங்கட்கிழமை பெரும்பாலான மியூசியங்களுக்கு விடுமுறை, கவனம். எல்லாக் காரையும் பார்த்தே தீருவேன் என்று ஓடாமல், நாலைந்து வண்டிகள் முன் நின்று, எந்த லீவர் எதற்கு என்று அங்கிருப்பவரைக் கேளுங்கள்.

கைப்பிடி போட்டுச் சுற்றிப் பழைய காரைக் கிளப்பும்போது கட்டைவிரலை வளைக்காதே என்பார் எங்கள் ஐயா. ஏன்? (தேவகோட்டை)

அனுபவப்பட்டவர் பேச்சு. பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள் தீப்பொறி விழுந்துவிட்டால் இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும். கைப்பிடியும் சேர்ந்து திரும்பும். கட்டைவிரல் சுற்றிப் பிடித்திருந்தால் கையை உருவ முடியாது, எலும்பு முறியும். அதனால் ஐந்து விரலையும் ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலே இழுப்பார்கள். மேலிருந்து அமுக்குவது ஆபத்து.

1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி எங்காவது கண்ணில் பட்டால் ஸ்டீயரிங்கின் இடப்பக்க லீவரைப் பாருங்கள். தீப்பொறியை முந்தவும் பிந்தவும் வைப்பது அதுதான். சுற்றுமுன் அதை மேலே தள்ளிப் பிந்த வைக்க வேண்டும். அப்படியே காலடியையும் பாருங்கள்: மூன்று பெடலில் நடுவில் இருப்பது ரிவர்ஸ்! நம் டிரைவர் பிரேக் என்று மிதிப்பார், பாவம்.

வீட்டுக் கொட்டகையில் வில்வண்டி கிடக்கிறது. பெயிண்ட் அடித்து முகப்பில் நிறுத்தலாமா? (கானாடுகாத்தான்)

நிறுத்துங்கள், பெயிண்ட் வேண்டாம். சக்கரத்தின் இரும்புப் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். அது சுருங்கி, ஆரக்காலை நடுவிலுள்ள குடத்தோடு இறுக்கும். மரம் காய்ந்தால் பட்டா தளரும். ஓடுகிற வண்டியென்றால் சக்கரத்தை ஊருணியில் ஊறப்போடுவது வழக்கம். நிற்கிற வண்டிக்கு அச்சுக்குக் கீழே கட்டை கொடுத்து, பாரம் சக்கரத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரையான் இருக்கிறதா என்றும் பாருங்கள். சக்கரத்தை மட்டும் கழற்றிக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

பாட்டையா போட் மெயிலில் கொழும்பு போனாராம். ரயில் எப்படிக் கடலைத் தாண்டும்? (பள்ளத்தூர்)

ரயில் தனுஷ்கோடியோடு நின்றுவிடும். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். பிறகு இலங்கை ரயில். 1964 டிசம்பர் புயலோடு அந்த வழி போயிற்று. அன்றைய தண்டவாளத்தின் அகலம் 1000 மில்லிமீட்டர் (மீட்டர்கேஜ்), இன்று 1676 (பிராட்கேஜ்). பழைய ரயில்களைப் பார்க்க சென்னை ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பக்கத்து ரயில் மியூசியம் இருக்கிறது. காரைக்குடியில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் போதும்.